விலக்கு நீக்கம்

19.01.2026, திங்கள்
குப்பம்

அண்ணனுக்குக் கலைமகள் எழுதுவது.

ஆறு கிலோமீட்டர் தூரத்தில் மூலக்குளத்தில் இருக்கிற அண்ணனுக்குத் தபால்தலை ஒட்டுகிற பைத்தியம் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் பேசினாலும் பேச்சுதான் என்று ஊரில் சட்டம் போட்டுவிட்டார்கள். எழுதக் கூடாதென்று சொல்லவில்லை. அந்தப் பெரிய மூளைகளுக்கு அது தோன்றியிருக்காது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று ஊர் ஓட்டு முடிந்தது. தோற்றுவிட்டோம். உன்னைத் தள்ளி வைத்தது அப்படியேதான் இருக்கிறது.

ஒரே சீட்டில் நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆமாம் என்று ஒரு பச்சை வட்டம், வேண்டாம் என்று ஒரு சிவப்பு வட்டம். ரப்பர் முத்திரையை மையில் தொட்டுக் குத்த வேண்டும். பஞ்சாயத்தார் தேர்தலோடு சேர்த்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. பெண்களுக்கும் ஓட்டு என்று இந்த ஒரு தடவைதான் விட்டார்கள்.

முதல் கேள்வி, சுருக்குவலைத் தொழில் தொடரலாமா. ஜெயித்துவிட்டது. நானும் ஆமாம் என்றுதான் குத்தினேன், கோபித்துக்கொள். அரசு தடை செய்த வலை என்று நீ மீன்வளத்துறையில் மனுக் கொடுத்து அதைப் பறிமுதல் செய்ய வைத்தாயே, அப்புறம் மூன்று மாதம் என் வீட்டுக்காரர், சுடர்விழி அப்பா, வேலையில்லாமல் கிடந்தார். அவர் சுருக்குவலைப் படகு ஆள் என்று உனக்குத் தெரியாதா? உன் வலையை அவர்கள் அறுத்தது தப்புதான். ஊருக்குள் அடித்துக்கொண்டு தீர்த்திருக்கலாம். வெளியே போய்ச் சொன்னாய், உன்னை வெளியே வைத்தார்கள். இந்த இரண்டு வருஷமும் நடுவில் கிடந்து நசுங்கியது நான்.

இரண்டாவது, நாம் வலை காயப்போடுகிற மணலை ஓட்டல்காரனுக்குக் குத்தகை விடுவது. அதுவும் ஜெயித்துவிட்டது. இனிமேல் அங்கே குடை நட்டுக் காப்பி விற்பார்களாம். வயிறு எரிகிறது. மூன்றாவது, இனிமேல் ஊர்க் காரியத்தில் பெண்களுக்கு எப்போதும் ஓட்டு. தோற்றுவிட்டது. ஆக, எங்களுக்கு முதல் ஓட்டும் கடைசி ஓட்டும் நேற்றைக்கேதான். நாலாவது நீ.

எனக்குக் கையடித்துச் சத்தியம் செய்தவர்கள் ஐம்பத்தெட்டுப் பெண்கள். யாரோ குழி பறித்துவிட்டார்கள். யாரென்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

அம்மா அப்படியே இருக்கிறாள். கஞ்சி இரண்டு கரண்டிதான் இறங்குகிறது. அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் வைத்து அண்ணனைப் பார்த்துவிடு என்று நான் போன மாதமே கெஞ்சியதுக்கு என்ன சொன்னாள் தெரியுமா? “எம் புள்ள இன்னா திருடனா, ஒளிஞ்சிக்கினு பாக்கறதுக்கு? ஊருக்குள்ள நடந்து வரட்டும்.” அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் இந்த ஓட்டையே நம்பினோம்.

வேறென்ன எழுத. கை வரவில்லை.

கலை


22.01.2026
மூலக்குளம்

கலைக்கு,

உன் கடிதத்தைத் தட்டாஞ்சாவடி கம்பெனி கேட்டில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். வாட்ச்மேன் வேலையில் அது ஒன்றுதான் வசதி. சுருக்குவலைக்கு நீ குத்தியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. உன் வயிறு, உன் ஓட்டு.

எண்ணிக்கையை நீ எழுதவில்லை. மார்க்கெட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு ஆமாம் என்று 147 பேர், வேண்டாம் என்று 212 பேர். நீ சொன்ன ஐம்பத்தெட்டும் ஒழுங்காக விழுந்திருந்தால் இப்படி வராது, கலை. நான் கணக்கில் மட்டம்தான், ஆனால் இதைக்கூடவா போட்டுப் பார்க்க மாட்டேன்? கும்பலாகத் திருப்பியிருக்கிறார்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் கஸ்தோன் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் சொன்னேன். “எங்களுக்கு உய், அதாவது ஆமாம்னு ஒரு சீட்டு, நோன், வேணாம்னு ஒரு சீட்டு. வேணுங்கறத உறையில போட்டுட்டு வந்துடுவோம். அதுலயே ஆயிரம் குளறுபடி. நீங்க நாலு கேள்விய ஒரே காயிதத்துல வெச்சீங்களா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அம்மாவாசை மேல்தான் சந்தேகம். ஒரே படகில் பதினேழு வருஷம் போனவன். “எங்கூட்டு ஓட்டு ஆறும் ஒனக்குத்தான்டா” என்று ஆள் விட்டுச் சொன்னான். அவன் பெண்டாட்டி பூர்ணிமா சொன்னால் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். திருப்பியது அவள் தெருவாகத்தான் இருக்கும். கூடவே இருந்து குழி பறிக்கிறவனைச் சும்மா விடக் கூடாது. நாளைக்குப் பெரிய மார்க்கெட்டில் மீன் இறக்க வருவான். கேட்கிறேன்.

அம்மா ஓட்டுப் போட்டாளா? யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ.

நெடுமாறன்


27.01.2026
குப்பம்

அண்ணா,

அம்மாவாசை அண்ணனை மார்க்கெட்டில் அத்தனை பேர் நடுவில் அறைந்தாயாமே. அவர் திருப்பி அடிக்கவில்லையாம். “ஏண்டா மாறா?” என்று மட்டும் கேட்டாராம். அந்த இரண்டு வார்த்தைக்கு, தள்ளி வைத்தவனோடு பேசினான் என்று நேற்றுக் கோயில் வாசலில் அவரை ஊர்க்காலில் விழ வைத்தார்கள். ஐம்பது வயசு மனுஷன் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். பூர்ணிமா அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் உனக்குத்தான் குத்தினார். அவர் வீட்டில் மூன்று ஆண்களும் உனக்குத்தான். திருப்பியது பூர்ணிமா இல்லை. நான்.

படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடாதே, முழுக்கப் படி.

சீட்டில் நாலாவது வரி இதுதான்: “நெடுமாறன் குடும்பம் – விலக்கு நீக்கம்”. நான் பன்னிரண்டாவது படித்தவள், மகளிர் குழுத் தலைவி, குப்பத்தில் யாருக்கு மனு வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். இரண்டு மாதமாக வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று படிவம் படிவமாக எழுதிக் கொடுத்தேன். பேர் நீக்கம், பேர் நீக்கம் என்று ஊரெல்லாம் அதே பயம். நீக்கம் என்றாலே அடித்துத் தள்ளுவது என்று என் மண்டையில் ஏறிப் போயிருந்தது. விலக்கு என்றாலும் ஒதுக்குவது, நீக்கம் என்றாலும் ஒதுக்குவது, அழுத்திச் சொல்வதற்காக இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உன்னை நிரந்தரமாகத் தள்ளிவிடலாமா என்று கேட்கிறார்கள், வேண்டாம் என்று குத்த வேண்டும். அப்படித்தான் படித்தேன். “விலக்கை நீக்கலாமா” என்று எழுதியிருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஒரு ஐகாரத்தை விழுங்கிவிட்டு எழுதியிருந்தான் எழிலரசன், அதுதான் பஞ்சாயத்து எழுத்தர்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் நாலு கேள்வியையும் படித்து விளக்கினார்களாம். அந்தக் கூட்டத்தில் ஆண்கள்தானே உட்காருவார்கள். எங்களுக்கு வந்தது வெறும் சீட்டு.

எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்தேன். “பச்ச, செவப்பு, பச்ச, செவப்பு.” மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார்கள். பிசகவே இல்லை, அண்ணா. ஐம்பத்தெட்டுப் பேரும் சத்தியம் தவறாமல் நான் சொன்ன இடத்திலேயே குத்தினார்கள்.

மண்டபத்தில் வேண்டாம் 212 என்றதும் நான் கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டேன். நாட்டாமை முடிவைச் சொல்வதற்குள் வீட்டுக்கு ஓடி, “ஜெயிச்சிட்டோம்மா, அண்ணன் வருது” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வந்தபோதுதான் எழிலரசன் சொன்னான். “நீ பாட்டுப் பாடிக்கினு போனப்பவே கேட்டேன். படிச்சவ, தெரிஞ்சிதான் பண்றன்னு நெனச்சேன்” என்று பல்லைக் காட்டினான்.

சுடர்விழி அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான் அடுப்படியில் அந்தப் பாட்டைப் பாடியதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். உன் மேலிருந்த வன்மத்தை என் தலையில் தீர்த்துக்கொண்டார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டாயே. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாங்கள் நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு போனோம். முத்திரை அவள் கையில் நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். “எந்தப் புள்ளிடி?” என்று கேட்டாள். சிவப்பைக் காட்டினேன். குத்திவிட்டுக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதல் கடிதத்தில் பொய் எழுதினேன். பயம்தான், வேறென்ன. நீ என்னைத் திட்டு. அவர் வீட்டு வாசலில் போய் நிற்க உனக்கு வழியில்லை, உனக்குப் பதில் நான் போய் அம்மாவாசை அண்ணன் காலில் விழுந்தேன்.

கலை


02.02.2026

அண்ணா,

ஆறு நாளாகப் பதில் இல்லை. திட்டியாவது ஒரு வரி போடு.

பஞ்சாயத்தாரிடம் போய் நின்றேன். தப்பாகப் படித்துவிட்டோம், பெண்களுக்கு மட்டும் மறுபடி வையுங்கள் என்றேன். “ஓட்டுன்னா ஓட்டுதாம்மா. தோத்தவன் எல்லாம் தப்பாப் படிச்சேன்னா, கடைசி வரைக்கும் எண்ணிக்கினேதான் இருக்கணும்” என்றார் நாட்டாமை. அடுத்த ஓட்டு மூன்று வருஷம் கழித்து. அதுவும் ஆண்களுக்கு மட்டும்.

அம்மா தினமும் கேட்கிறாள். ஜெயித்தவன் ஏன் இன்னும் வரவில்லை என்கிறாள். கம்பெனியில் லீவு தரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைக்கு ஆள் விட்டு உனக்கு நாட்டுக்கோழி வாங்கச் சொல்கிறாள்.

நீ நேராக வந்துவிடு. ஊர் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

கலை


05.02.2026
மூலக்குளம்

கலைக்கு,

உன்னைத் திட்டி நாலு கடிதம் எழுதினேன். நாலும் கிழித்துப் போட்டாயிற்று. ஒன்றில் எழுதியிருந்த வார்த்தைக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ தெரிந்து செய்யவில்லை. அது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. மாப்பிள்ளை மேல் உள்ளது கோபமே இல்லை, அது வேறு. அதை இங்கே எழுத மாட்டேன். அம்மாவாசையை அறைந்த கையைப் பார்த்தால் சோறு அள்ளப் பிடிக்கவில்லை.

நேராக வா என்கிறாய். வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் மாமனார் செத்தபோது தூக்க ஊரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. நான், மச்சினன், கஸ்தோன் ஐயா, வண்டி டிரைவர், இந்த நாலு பேர்தான். வீட்டுக்கு நான் வந்தால் அடுத்த நாளே உன் குடும்பமும் தள்ளி. சுடர்விழிக்குப் பதினாறு வயசு. நாளைக்கு அவளை யார் கேட்டு வருவார்கள்? என்னோடு இது நிற்கட்டும்.

ஒரு வழி இருக்கிறது. திங்கட்கிழமை ஒன்பதாம் தேதி அம்மாவை ஆட்டோவில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா. மாத்திரை வாங்க என்று ஊரில் சொல். காலை எட்டு மணியிலிருந்து வாசலிலேயே நிற்பேன். அம்மா பிடிவாதம் பிடிப்பாள். என்ன சொல்வாயோ, எப்படிச் சொல்வாயோ, தெரியாது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், கலை. வேறு எதுவும் இந்த ஊரிடம் எனக்கு வேண்டியதில்லை.

நெடுமாறன்


08.02.2026, ஞாயிறு

அண்ணா,

நாளை ஆஸ்பத்திரிக்கு வராதே. தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது. அம்மாவாசை அண்ணன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். உன்னிடம் பேச மாட்டார், கொடுத்துவிட்டு நிற்பார். அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்.

நேற்றுக் காலையில் அம்மாவிடம் சொன்னேன், அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வருகிறது, போகலாம் என்று. “அதான் ஜெயிச்சிட்டமே, அப்பறம் அவன் ஏண்டி அங்க வரணும்?” என்றாள். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. அவன் வாசப்படி ஏறி வருவான், நான் இங்கேயே இருப்பேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்ன பொய்தான் அவளை அங்கே கட்டிப் போட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னாலாவது வருவாள் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, தோற்றுவிட்டோம் என்றேன். பச்சையில் குத்தியிருக்க வேண்டும், நான் உன் கையைப் பிடித்துச் சிவப்பில் குத்த வைத்துவிட்டேன் என்றேன். பிறகு கேட்டாள்.

“எம் புள்ளைய நானே வேணாம்னுட்டனா?”

இல்லைம்மா, என் தப்பும்மா என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. என் கையிலிருந்து அவள் கையை உருவிக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், நேற்றிலிருந்து தண்ணீரும் வாங்கவில்லை. தூக்கி ஆட்டோவில் ஏற்றலாம் என்றால் தொட்டாலே அலறுகிறாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அலைக்கழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னால் முடியவில்லை, அண்ணா. நீ கேட்டது அவள் முகம் ஒன்றுதான். அதையும் நான்தான் கெடுத்தேன்.

கலை


11.02.2026, சாயங்காலம்
மூலக்குளம்

கலைக்கு,

இதையும் அம்மாவாசை கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நேற்று அம்மா போய்விட்டாள் என்று சொல்ல வந்தவனும் அவன்தான். அவனை அறைந்த என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, நேற்றும் வரவில்லை.

மூத்தவன் கொள்ளி வைக்க ஒரு மணி நேரம் ஊருக்குள் வரலாம், யாரும் அவனோடு பேசக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்களாம். இரண்டு வருஷம் கழித்து நம் தெருவில் நடந்தேன். தெரிந்த முகமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நீ அம்மா தலைமாட்டில் இருந்தாய். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான். அம்மா முகத்தில் மஞ்சள் அதிகம் பூசியிருந்தார்கள். அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் எழிலரசன் சொன்னானே, என்னைப் பார்த்து இல்லை, பொதுவாகச் சொல்வது போல: “இன்னா பண்றது. சீட்டு எங்கையாலதான் குடுத்தேன், எங்கண்ணாலதான் பாத்தேன். பெத்தவளே புள்ளைய வேணாம்னு குத்துனா, ஊரு இன்னா பண்ணும்?” அந்த நேரத்தில் அவன் கழுத்தை நெரித்திருப்பேன். கையில் கொள்ளிச்சட்டி இருந்தது.

அப்போதுதான் நீ எழுந்தாய். ஊரே கேட்கக் கத்தினாய். “எங்கம்மா குத்தல! எங்கைடா குத்துச்சி! அவ புள்ள வரணும்னுதான் நாற்காலில தூக்கிக்கினு வரச் சொன்னா! அண்ணா, நீ கேட்டுக்க, எல்லாரும் கேட்டுக்கங்க!”

என்னை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாய், ஊர் நடுவில். நாட்டாமை உன்னைப் பார்த்து, கணக்கில் வைத்துக்கொண்டவர் போலத் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை இரண்டடி தள்ளிப் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டார். அதை நீயும் பார்த்தாய்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா சுவரைப் பார்த்துச் செத்தாள் என்பது மாறப் போவதில்லை. ஆனால் இனி அந்தக் குப்பத்தில் எவனும் பெத்தவளே வேண்டாமென்றாள் என்று கூசாமல் சொல்ல முடியாது. அதற்கு நீ என்ன விலை கொடுக்கப் போகிறாய் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் சொல்வதைக் கேள். இன்றைக்குச் சடங்கு வீடு என்று விட்டு வைப்பார்கள். நாளைக் காலையில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், சுடர்விழி சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு உன் கையிலேயே வைத்துக்கொள். யார் வீட்டிலாவது பாத்திரம் கொடுத்திருந்தால் இப்போதே போய் வாங்கிவிடு. இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கிற குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வை. நாளைக்குத் தெருக்குழாயில் உன்னை விட மாட்டார்கள்.

நெடுமாறன்